கம்பெனி பஸ் வர்றதுக்குள்ள புழக்கடையில பார்க்க வேண்டியது

"ஆம்பூர்ல உட்கார்ந்துகிட்டு என்னத்தக்கா பார்க்கிறது? தோல் ஷாப்பு நாத்தமும் லாரிப் புகையும்தானே இருக்கு?" இந்தப் பேச்சை இனிமே எடுக்காதே. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு எந்த ஊர்ல நீ இருந்தாலும் சரி, உன் வீட்டுப் பின்னாடி பாத்திரம் தேய்க்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவுல தினமும் என்னென்னவோ நடந்துகிட்டுத்தான் இருக்கு. நீ பார்க்கலை, அவ்வளவுதான்.

இதுக்காக ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ ஏற வேண்டாம். மா. கிருஷ்ணன்னு ஒருத்தர் சென்னை மயிலாப்பூர்ல இருந்துகிட்டு 1950-லிருந்து 1996-ல கண்ணை மூடுற வரைக்கும் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில இயற்கையைப் பத்தியே எழுதினார். யானையையும் எழுதினார், வீட்டைச் சுத்தி வர்ற காக்காவையும் அணிலையும் அதே அக்கறையோட எழுதினார். உனக்கு நேரம் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஷூ கம்பெனிக்குப் போறவளுக்கும், வீட்டுலயே ஷூவோட மேல்பாகம், அதான் அப்பர், தைக்கிறவளுக்கும், பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறவளுக்கும் காலையில மூச்சு விட நேரம் இருக்காது. அதனால குறுக்கு வழியாவே சொல்றேன்.

1. தனியா நேரம் ஒதுக்காதே

ஒதுக்கினா ஒரு வாரம் செய்வே, அப்புறம் விட்டுடுவே. ஏற்கனவே செய்ற வேலையோட சேர்த்துக்கோ. விடியற்காலையில பாத்திரம் தேய்க்கிறப்ப சுவரைப் பார்த்து உட்காராம மரத்தைப் பார்த்து உட்காரு. துணி காயப்போடுறப்ப கொஞ்சம் மெதுவா போடு. காலையிலதான் குருவிங்களுக்குச் சுறுசுறுப்பு அதிகம். பத்து மணிக்கு மேல நம்ம ஊர் வெயில்ல அதுங்களும் நிழல் தேடி ஒதுங்கிடும்.

போனை உள்ளேயே வெச்சுட்டு வா. படம் எடுக்கக் கையைத் தூக்கினாலே பறந்துடும். முதல்ல கண்ணால பார்க்கப் பழகு, படம் அப்புறம். ஒரே இடத்துல, ஒரே நேரத்துல உட்காரு. நாலஞ்சு நாள்ல அதுங்களுக்கு நீ பழகிடுவே.

2. தண்ணி வை, ஆனா போர் தண்ணி வேண்டாம்

இந்த ஒண்ணை மட்டும் செஞ்சாக்கூடப் போதும், மத்ததெல்லாம் தானா நடக்கும். நம்ம ஊர் கதை மத்த ஊர் மாதிரி இல்லை. தோலைக் கெடாம வைக்க உப்புப் போட்டுத்தான் கொண்டு வர்றாங்க. அந்த உப்பைக் கழுவி விட்ட தண்ணியும், பதனிடுற குரோமியமும் பல வருஷமா மண்ணுக்குள்ள இறங்கியிருக்கு. பாலாறு கெட்டதுக்காக வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் போட்ட வழக்குலதான் 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே செலவைக் கொடுக்கணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. நாடு முழுக்கச் சட்டம் படிக்கிறவங்க இன்னைக்கும் படிக்கிற தீர்ப்பு அது. 2025 ஜனவரியில திரும்பவும் அதே கோர்ட், அதே பாலாறு, அதே பிரச்சினை. பெரியவங்க செய்ய வேண்டியது நிறைய பாக்கி இருக்கு. நீ செய்ய வேண்டியது ஒரு மண் தட்டு.

உன் வீட்டு போர் தண்ணியில பருப்பு வேகலைன்னா, சோப்பு நுரைக்கலைன்னா, அதைக் குருவிக்கும் ஊத்தாதே. கடல் பறவைங்களுக்கு உப்பை வெளியேத்தத் தனிச் சுரப்பி இருக்கு. நம்ம வீட்டுக்கு வர்ற சின்னக் குருவிங்களுக்கு அது கிடையாது. நீ குடிக்கிற தண்ணி எதுவோ, காவிரித் தண்ணியோ கேன் தண்ணியோ, அதுலயே ஒரு சொம்பு வை.

எப்படி வைக்கிறதுன்னு கேளு:

• அகலமான, ஆழம் இல்லாத மண் தட்டு. ரெண்டு விரக்கடை ஆழம் போதும். நடுவுல ஒரு கல்லைப் போடு. தேனீ, குளவி, சின்னக் குருவி எல்லாம் கல்லு மேல உட்கார்ந்துதான் குடிக்கும். ஆழமான பிளாஸ்டிக் பேசின்ல வெச்சா அணில் குட்டி உள்ள விழுந்து ஏற முடியாம சாகும்.

• எவர்சில்வர் தட்டு வேண்டாம். வெயில்ல கொதிக்கும்.

• கம்பெனியிலிருந்து வர்ற பழைய கெமிக்கல் ட்ரம், டப்பா எதையும் வெட்டி வைக்காதே. எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். உன் வீட்டுக்குத் தண்ணி பிடிக்கவும் வேண்டாம்.

• தினமும் காலையில பழைய தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டுப் புதுசு ஊத்து. வாரத்துக்கு ரெண்டு தடவை தேங்காய் நார் போட்டுத் தேய். டெங்கு கொசு முட்டை பாத்திரத்து ஓரத்துல ஒட்டிக்கும், ஊத்திட்டா மட்டும் போகாது. சோப்பு போடாதே.

• தட்டை வேலி ஓரத்துல புதருக்குள்ள மறைச்சு வைக்காதே. பூனைக்கு வசதி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆகிடும். கொஞ்சம் திறந்த இடமா, மேல ஒரு கிளை இருக்கிற மாதிரி வை.

கத்திரி வெயில்ல மத்தியானம் இன்னொரு தடவை ஊத்தணும். நீ கம்பெனியில இருந்தா வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்ட சொல்லிட்டுப் போ. பேரப் பிள்ளைங்களுக்குக் கதை சொல்ல அவங்களுக்கும் ஒரு விஷயம் கிடைக்கும். முதல்ல காக்கா வரும். "காக்காதானே"ன்னு சலிச்சுக்காதே. மத்ததும் ஒண்ணொண்ணா வரும். அடுத்து மைனா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி. தவிட்டுக்குருவி தனியா வராது, ஆறேழு சேர்ந்துதான் வரும். எல்லாம் தரையில கொத்துறப்ப ஒண்ணு மட்டும் கிளையில நின்னு காவல் காக்கும் பாரு.

திறந்த தொட்டி, சம்ப், உறைகிணறு இருந்தா மூடி வை. மூட முடியலைன்னா ஒரு தென்னங்கயிறையோ கரடுமுரடான கட்டையையோ உள்ள இறக்கிக் கட்டு. விழுந்தது ஏறி வந்துடும்.

3. சாப்பாடு வைக்கிறதுல கையை அடக்கு

அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு வைக்கிறே, நல்லது. வெறும் சோறா, கைப்பிடி அளவா வை. ஞாயித்துக்கிழமை மிஞ்சின பிரியாணியைப் புழக்கடையில கொட்டாதே. உப்பும் மசாலாவும் எண்ணெயும் குருவிக்கு ஆகாது. எலும்புக்குத் தெருநாய் வரும். ராத்திரிக்கு எலி வரும், எலிக்குப் பின்னாடியே பாம்பு வரும். "வீட்டுக்குள்ள பாம்பு வருதுக்கா"ன்னு அழறவங்க வீட்டுப் பின்பக்கத்தைப் போய்ப் பார்த்தா பாதி இடத்துல இதுதான் காரணம்.

நொய்யரிசி, கம்பு, தினை இதுல ஏதாவது ஒரு பிடி காலையில போடு. சாயந்திரத்துக்குள்ள மிச்சம் இருந்தா கூட்டி எடுத்துடு. பிரெட், பிஸ்கட், மிக்சர் வேண்டாம். கொய்யாவோ பப்பாளியோ மரத்துல இருந்தா ரெண்டு பழத்தைப் பறிக்காம விடு. அதை விடப் பெரிய விருந்து எதுவும் இல்லை. மார்கழிக் கோலத்துக்குக் கல்மாவுக்குப் பதிலா அரிசிமாவு போட்டா எறும்புக்கும் ஆச்சு.

4. நூல் துண்டைக் கீழே போடாதே

இதை வேற ஊர்க்காரங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், நமக்கு மட்டும்தான். வீட்டுல உட்கார்ந்து ஷூ அப்பர் கையால தைக்கிறவங்க எத்தனை பேர் நம்ம தெருக்கள்ல இருக்கோம்! அந்த மெழுகு நூலும் நைலான் நூலும் வெட்டி வெட்டிப் போடுறப்ப வாசல்லயும் புழக்கடையிலயும் சிதறும். குருவிங்க கூடு கட்ட நார் தேடுறப்ப அதைத்தான் எடுத்துட்டுப் போகும். பருத்தி நூலா இருந்தா இத்துப் போகும். நைலான் இத்துப் போகாது. கூட்டுக்குள்ள இருக்கிற குஞ்சோட கால்ல சுத்திக்கும். கால் வளர வளர நூல் இறுக்கும். கடைசியில குஞ்சு பறக்க எழுந்தா கூட்டுலயே தலைகீழாத் தொங்கும்.

தைக்கிற இடத்துல ஒரு மூடி போட்ட டப்பா வெச்சுக்கோ. வெட்டின நூல் நேரா அதுல விழட்டும். குப்பையில போடுறப்பவும் குட்டி குட்டியா நறுக்கிப் போடு. தோல் துண்டுங்களை அடுப்புல போட்டு எரிக்காதே. குரோம்ல பதனிட்ட தோலை எரிச்சா வர்ற புகையும் சாம்பலும் விஷம். அது முதல்ல உன் பிள்ளை நெஞ்சுக்குள்ளதான் போகும். சொல்யூஷன் டப்பாவை மூடாம வைக்காதே, பல்லியும் பூச்சியும் ஒட்டிக்கிட்டுச் சாகும்.

5. கறிவேப்பிலையில புழுவா? மருந்து பாட்டிலைக் கீழே வை

செடி வெச்சிருக்கிற ஒவ்வொருத்தியும் செய்ற தப்பு இது. இலையை ஏதோ தின்னிருக்கேன்னு பார்த்த உடனே கடைக்கு ஓடி மருந்து வாங்கி அடிக்கிறது. கறிவேப்பிலையை நீ பச்சையாக் கிள்ளிச் சட்னியில போடப்போறே, ஞாபகம் இருக்கா?

இலையைத் திருப்பிப் பாரு. இலை மேல பறவை எச்சம் விழுந்திருக்கேன்னு நினைச்சுத் துடைக்கப் போவே. அது எச்சம் இல்லை, புழு. கறுப்பும் பழுப்பும் வெள்ளையுமா எச்சமாவே தெரியும், குருவி ஏமாந்து விட்டுட்டுப் போகட்டும்னு. நாலு தடவை தோல் உரிச்ச பிறகு பச்சைப் பசேல்னு ஆகி இலையோட இலையா இருக்கும். ஒரு ஈர்க்குச்சியால மெல்லத் தொட்டுப் பாரு. தலைக்குப் பின்னாடியிலிருந்து செக்கச் செவேல்னு ரெண்டு கொம்பு வெளிய நீட்டும், ஒரு வாடையும் வரும். உன்னைப் பயமுறுத்துதாம். ஒரு தடவை தொட்டா போதும், திரும்பத் திரும்பச் சீண்டாதே. பிள்ளைங்களையும் சீண்ட விடாதே.

அதுதான் எலுமிச்சை அழகி, இல்லேன்னா கறிவேப்பிலை அழகி. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை இந்த வகையிலதான் முட்டை வைக்கும். ரெண்டு வாரம் போலத் தின்னுட்டு, ஒரு காம்புல பட்டு நூலால தன்னைத்தானே கட்டிக்கிட்டுக் கூட்டுப்புழுவாத் தொங்கும். இன்னும் பத்து நாளைக்குப் பக்கத்துல ஒரு நாள் கூடு கறுத்து, உள்ள இறக்கை கோலம் வெளிய தெரியும். அதைப் பார்த்தா மறுநாள் காலையில சீக்கிரம் எழுந்திரு. வெளிய வந்த பூச்சி ஈர இறக்கையை விரிச்சு, காய வெச்சுப் பறக்கிறதுக்கு நேரம் எடுக்கும். பிள்ளைங்களைக் கூப்பிட்டுக் காட்டு. அதுக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிஷம் லேட் ஆனாலும் பரவாயில்லைன்னுதான் நான் சொல்வேன்.

செடி மொட்டையாகிடுமேன்னு பயமா? மரமா வளர்ந்த கறிவேப்பிலைக்கு ஒண்ணும் ஆகாது, திரும்பத் துளிர்க்கும். தொட்டியில இருக்கிற சின்னச் செடின்னா ரெண்டு புழுவை விட்டுட்டு மிச்சத்தை இலையோட கிள்ளி எலுமிச்சைச் செடியில கொண்டு போய் வை. வேலி ஓரத்துல எருக்கு இருந்தா வெட்டாதே, வெந்தய வரியன் அதுலதான் முட்டை வைக்கும். 2019-ல தமிழ்நாட்டு அரசு மாநிலப் பட்டாம்பூச்சியா அறிவிச்ச தமிழ் மறவன் மலைக்காட்டு ஆளு. அதை நம்ம வீட்டுல தேடாதே.

6. ஒரு மூலையை அப்படியே விடு

மொத்தப் புழக்கடைக்கும் சிமெண்ட் போட்டுட்டு "குருவியே வரலை"ன்னு சொன்னா என்ன பண்றது? கதவுலேர்ந்து தள்ளி, கடைசி மூலையில நாலடிக்கு நாலடி மண்ணா விடு. சருகு விழட்டும். அரணை, தேரை, மண்புழு எல்லாம் அங்க இருக்கும். செம்போத்து நத்தை தேடிக்கிட்டு நடந்தே வரும். அரணை நக்கினா மரணம்னு சொல்றதெல்லாம் சும்மா, அதுக்கு விஷமே கிடையாது. ஓணானைக் கல்லால அடிக்கிற பையனை உட்கார வெச்சு, வெயில் காலத்துல ஆண் ஓணான் தலையும் தொண்டையும் செவந்து, தலையை ஆட்டி ஆட்டி இன்னொண்ணை விரட்டுறதைக் காட்டு. கல்லைக் கீழே போட்டுடுவான்.

சுவத்துல குளவி மண்கூடு கட்டினா இடிக்காதே. வீட்டுல குழந்தை வரப்போகுதுன்னு பாட்டிங்க சந்தோஷப்படுவாங்க. குழந்தை வருதோ இல்லையோ, அந்தக் குளவி தன் குஞ்சுக்குப் புழுவையும் சிலந்தியையும் மயக்கிக் கொண்டு வந்து அடைச்சு வைக்கிறதை நீ பார்க்கலாம்.

7. பாம்பு விஷயத்துல மட்டும் வீரம் வேண்டாம்

இதை நிதானமாப் படி.

நம்ம பக்கத்துல ஆளைக் கொல்ற விஷம் உள்ளது முக்கியமா நாலு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம்ம நாட்டு விஷமுறிவு மருந்து இந்த நாலுக்கும் சேர்த்துத்தான் செய்றாங்க. அதுக்கு வேண்டிய விஷத்துல பெரும்பங்கு எங்கேயிருந்து வருதுன்னு தெரியுமா? சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில 1978-ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துலேர்ந்து. அந்த இருளர்கள்ல மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அவ்வளவு தெரிஞ்சவங்களே நிதானமாத்தான் கையை வைப்பாங்க. நீயும் உன் வீட்டுக்காரரும் துடைப்பக் கட்டையை எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. பாம்பை அடிக்கப் போறப்ப கடி வாங்கினவங்க நிறைய பேர்.

புழக்கடையில அடிக்கடி தென்படுறது சாரைப்பாம்பு. விஷம் கிடையாது, எலியைத் தின்னும். சாரையும் நல்லபாம்பும் ஜோடி சேரும்னு சொல்றது பொய். ரெண்டு சாரை உடம்பை முறுக்கிக்கிட்டு நிமிர்ந்து நிக்கிறதைப் பார்த்தா, அது பெரும்பாலும் ரெண்டு ஆண் போடுற சண்டை. அது மேல துணி போட்டு எடுத்தா யோகம்னு யாராவது சொன்னா கேட்காதே, தூரத்துல நின்னு பாரு. கொம்பேறி மூக்கன் ஆளைக் கடிச்சுட்டு, பிணம் எரியுற புகையை மரத்து மேலேறிப் பார்க்கும்னு சொல்வாங்களே, அதுவும் கட்டுக்கதை. அது பல்லி, தவளை பிடிக்க மரம் ஏறுது. ஆனா இந்தப் பாம்பு எதுன்னு நீயே முடிவு பண்ணாதே. வெள்ளிக்கோல் வரையன் பார்க்கக் கட்டுவிரியன் மாதிரியே இருக்கும். இருட்டுல வித்தியாசம் தெரியாது. எதுவா இருந்தாலும் தள்ளி நில்லு, அதுவாப் போகட்டும். புதருக்குள்ளேயிருந்து குக்கர் ஆவி போற மாதிரி பெருசா சீறல் கேட்டா அது கண்ணாடி விரியனா இருக்கலாம், அப்படியே பின்னாடி வா.

பாம்பு எங்க இருக்குன்னு மத்ததுங்க சொல்லும். தவிட்டுக்குருவி கூட்டமாக் கத்தும். அணில் வாலைத் துடிக்க வெச்சுக்கிட்டு விடாம 'கீச் கீச்'னு ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தும். அந்த இடத்துக்குப் பூப்பறிக்கப் போகாதே.

• விறகு, செங்கல், பழைய தகரம் எதையும் பின்கதவை ஒட்டி அடுக்காதே.

• ராத்திரி கழிவறைக்குப் போனா டார்ச் இல்லாம போகாதே. செருப்பையும் பிள்ளைங்க ஷூவையும் தட்டிட்டுப் போடு.

• தரையில படுக்கிறவங்க கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில செருகிக்கோங்க. கட்டுவிரியன் ராத்திரியில ஊர்றது. அது கடிச்சா பல நேரம் வலிக்கக்கூட வலிக்காது.

• வீட்டுக்குள்ள வந்துட்டா கதவைச் சாத்திட்டு 101-க்குப் போன் பண்ணு. தீயணைப்புக்காரங்க வந்து பிடிச்சுட்டுப் போவாங்க.

• கடிச்சுட்டா கயிறு கட்டாதே, பிளேடால கீறாதே, வாய் வெச்சு உறிஞ்சாதே, மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகாதே. வளையல், மோதிரம், கொலுசைக் கழட்டு. நடக்க விடாம படுக்க வெச்சு 108-ஐக் கூப்பிடு. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, சி.எம்.சி. இருக்கு. பக்கத்துல எது இருக்கோ அங்க போ. பாம்பை அடிச்சுக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போக வேண்டாம். டாக்டர் அறிகுறியைப் பார்த்து வைத்தியம் பண்ணுவார்.

மழைக்காலத்துல இன்னும் கவனம். 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் கரை புரண்டு போச்சே, அந்த மாதிரி நேரத்துல வளை நிரம்பிப் பாம்பும் மேடு தேடும். அந்த மேடு உன் வீட்டு வாசப்படியா இருக்கலாம்.

8. கீழே விழுந்த குஞ்சைத் தூக்கிட்டு ஓடாதே

இறக்கை முளைச்சுத் தத்தித் தத்திப் போற குஞ்சுன்னா அது பறக்கப் பழகுது. அம்மா பக்கத்துலதான் எங்கேயோ இருக்கும். பூனையை மட்டும் விரட்டிட்டு நீ உள்ள போ. இறக்கையே இல்லாத குஞ்சுன்னா, கூடு எட்டுற உயரத்துல இருந்தா எடுத்து உள்ள வெச்சுடு. மனுஷன் தொட்டா தாய் சேர்க்காதுங்கிறது தப்பு. பால் ஊத்தாதே, வாயைத் திறந்து தண்ணி ஊத்தாதே, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.

காக்கா கூட்டுல புள்ளி போட்ட குஞ்சு ஒண்ணு இருந்தா அது குயில் குஞ்சு. பாவம் காக்கான்னு நீ நியாயம் பேசப் போகாதே. கோடையில காக்கா தலையில கொத்த வந்தா பக்கத்துல கூடு இருக்குன்னு அர்த்தம். கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் குடையோட போ.

தேன்சிட்டு வாசல் கொடியிலயோ ஒயர்லயோ நூலாம்படை சேர்த்துக் கூடு தொங்கவிட்டா, அந்தக் கொடியில மட்டும் துணி போடாதே. முட்டை வெச்சுக் குஞ்சு பறக்க ஒரு மாசத்துக்கு மேல ஆகும், அவ்வளவு நாள் வேற கொடி கட்டிக்கோ. பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதே. கிளிக்குஞ்சை எடுத்துக் கூண்டுல வளர்க்கிற ஆசை இருந்தா இன்னையோட விடு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

9. எலிக்கு விஷம், பசை அட்டை ரெண்டும் வேண்டாம்

விஷம் தின்ன எலி தள்ளாடிக்கிட்டு வெளிய வரும். அதைக் கூகை பிடிச்சுத் தின்னும், அப்புறம் கூகையும் சாகும். கூகை குடும்பம் ஒண்ணு பழைய கட்டடத்துல இருந்தா அந்தத் தெருவுக்கே எலித் தொல்லை குறையும். அது கத்தினா சாவு வரும்னு கல்லெறியாதே. பசை அட்டையில எலியோட பல்லியும் அரணையும் சேர்ந்து ஒட்டும். ஒட்டினதைப் பிடிச்சு இழுக்காதே, தோல் கிழியும். சமையல் எண்ணெயைச் சுத்தி விட்டு மெல்லக் கழட்டு. எலிக்கூண்டு வை, சாப்பாட்டை மூடி வை, அது போதும்.

10. ஐப்பசியில வர்ற விருந்தாளி

மழை ஆரம்பிக்கிற நேரத்துல, சருகுக்குள்ள குட்டை வாலோட, பச்சை முதுகும் நீல இறக்கையும் வயித்துக்குக் கீழ சிவப்புமா ஒரு பறவை தத்திக்கிட்டு இருந்தா சத்தம் போடாதே. ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்குல கூப்பிடறதால அந்தப் பேரு. இமயமலை அடிவாரத்துப் பக்கத்துலேர்ந்தெல்லாம் ராத்திரி ராத்திரியாப் பறந்து வருது. களைச்சுப் போய் வெளிச்சத்தைப் பார்த்து வீட்டுக்குள்ள வந்துடும், கண்ணாடி ஜன்னல்ல மோதி விழும். விழுந்தா ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில, ஷூ பெட்டி நம்ம ஊர்ல கிடைக்காமலா போகும், மெதுவா வெச்சு மூடி இருட்டான இடத்துல வை. திறந்து திறந்து பார்க்காதே. ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு மரத்தடியில வெச்சுத் திற. பறக்கலைன்னா வனத்துறைக்குச் சொல்லு.

11. பெருசுங்க வந்தா உள்ள போ

கீரி, மரநாய், உடும்பு வரைக்கும் வேடிக்கை பார்க்கலாம். 2024 ஜூன்ல திருப்பத்தூர் ஊருக்குள்ளேயே சிறுத்தை வந்துடுச்சு. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் காட்டை ஒட்டி இருக்கிறவங்களுக்கு யானையும் புதுசு இல்லை. அப்படி ஏதாவது கண்ணுல பட்டா வீடியோ எடுக்க நிக்காதே. பிள்ளைங்களையும் ஆட்டையும் உள்ள போட்டுக் கதவைச் சாத்திட்டு வனத்துறைக்கோ போலீஸுக்கோ போன் பண்ணு.

12. பால் கணக்கு எழுதுற காலண்டர்லயே எழுது

நோட்டு வாங்காதே, தொலைச்சுடுவே. பால் கணக்குக்குப் பக்கத்துல "குயில் கத்த ஆரம்பிச்சுது", "தேன்சிட்டு முட்டை"ன்னு ரெண்டு வார்த்தை. வருஷம் முடிஞ்சதும் காலண்டரைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாம எடுத்து வை. அடுத்த வருஷம் எது முன்னாடி வந்துச்சு, எது வரவே இல்லைன்னு உனக்கே தெரியும்.

எண்ணிப் பழகணும்னு ஆசை வந்துட்டா, பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புன்னு 2015-லிருந்து தமிழ்நாடு முழுக்க நடக்குது. பொங்கல் லீவு நாலு நாள், யார் வேணும்னாலும் சேரலாம். பிப்ரவரியிலயும் ஒரு கணக்கெடுப்பு இருக்கு. 1998-ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, 2013-லிருந்து இந்தியாவுலயும் நடக்குது. பேரே 'புழக்கடைப் பறவைகள்' கணக்கெடுப்புதான். ரெண்டுக்கும் ஒரே முறை: ஒரே இடத்துல குறைஞ்சது 15 நிமிஷம் நில்லு, பார்த்ததையும் குரல் கேட்டதையும் எண்ணு, ஈபேர்ட் ஆப்ல பதிவு பண்ணு. உனக்கு வரலைன்னா காலேஜ் போற பொண்ணுகிட்ட போனைக் கொடு. பொங்கப் பானை பொங்குறதுக்குள்ள முடிஞ்சுடும். பேர் தெரியாத பறவையை ஊகிச்சு எழுதாதே, விட்டுடு. காக்காவை மட்டும் விட்டுடாதே, எத்தனைன்னு எண்ணி எழுது.